‘பெண்கள் மட்டும்’ என்று நீ போட்ட போஸ்டர்

தினேசு, நீ அனுப்பிய போஸ்டர் புதன்கிழமையே வந்துவிட்டது. நான் பார்த்துவிட்டேன் என்பதும் உனக்குத் தெரிந்திருக்கும். நான்கு நாளாகப் பதில் வராததால் “இன்னா மா, கோவமா?” என்று கேட்டிருக்கிறாய். கோபம்தான். பாதி உன் மேல், பாதி என் மேல். அதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் “மீட்டிங்ல இருக்கேன் மா, அப்புறம் கூப்பிடுறேன்” என்பாய். உன்னுடைய அந்த அப்புறம் இன்றுவரை வந்ததில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, உன் பாலிடெக்னிக் நோட்டில் எழுதாமல் விட்ட பக்கங்களில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பத்தாவது படித்தவள் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன்னோடு சென்னையில் வேலை செய்கிறவர்களிடமும் இதைக் காட்டு. மூடி மறைக்க இதில் ஒன்றுமில்லை, இதுவரை மூடி மறைத்தது போதும்.

வேலூரில் பெண்களுக்கென்று தனியாக வீடியோ கேம் போட்டி நடத்துகிறது உன் கம்பெனி. நீதான் பொறுப்பு. சந்தோஷம். அதில் உன் தங்கை சௌமியா ஆட வேண்டும், நான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறாய். “நீ சொன்னா கேப்பா மா. அவ வந்தா ஈஸியா ஜெயிச்சிடுவா. நம்ம ஊர்ப் பொண்ணுன்னு பேரும் வரும்.” நானும் அவளிடம் காட்டினேன். முதலில் சிரித்தாள். ரோஸ் கலரில் ஒரு போஸ்டர், அதில் நகப்பூச்சு போட்ட ஒரு பெண் இரண்டு விரலால் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். “இந்தப் புடி புடிச்சா சுடறதுக்குள்ள செத்துடுவா மா, இன்னா போஸ்டர் இது” என்றாள். அப்புறம் முகம் மாறிவிட்டது. “ஆம்பளைங்க ஆடுனா அதுக்குப் பேரு போட்டி. நாங்க ஆடுனா மகளிர் போட்டி. என்னைத் தோக்கடிச்சவன் ஒருத்தனும் அங்க வரமாட்டான். நான் தோக்கடிச்சவனும் வரமாட்டான். அப்ப நான் யாரை ஜெயிச்சேன்னு சொல்லிக்கிறது?” என்று கேட்டுவிட்டு, ஈரத்துணி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அவள் கேட்டதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா?

நீங்கள் இருவரும் ஆட ஆரம்பித்த காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ பாலிடெக்னிக், அவள் அப்போதுதான் வேலூரில் பி.காம். சேர்ந்திருந்தாள். ஆம்பூரிலிருந்து இம்ரான், வாணியம்பாடியிலிருந்து இன்னொரு பையன், நீங்கள் இரண்டு பேர், மொத்தம் நாலு பேர் ஒரு அணி. அவரவர் ஊரில் உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே ஆடுவீர்கள். நீதான் கேப்டன். ஆனால் எதிராளி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று முதலில் பார்ப்பது எப்போதும் சௌமிதான். “அண்ணா, லெப்ட்ல ரெண்டு பேரு, சுவத்துக்குப் பின்னாடி” என்று ஒருநாள் அவள் கத்தியதைக் கேட்டு, நம் வீட்டுச் சுவருக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நான் கத்திரிக்காய் அரிந்த கத்தியோடு போய்ப் பார்த்தேன். ஒரு மாசம் என்னை வைத்து ஓட்டினீர்களே, மறந்திருக்கமாட்டாய். அவள் சொல்வாள், மூன்று பேரும் கேட்பீர்கள், ஜெயிப்பீர்கள். அது எனக்கு வேடிக்கையாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அப்புறம் பெரிய போட்டிகளில் சேர்ந்தீர்கள். ஆட்டத்தை நேரலையில் காட்டினார்கள், நீங்கள் பேசுவதும் பார்க்கிறவர்களுக்குக் கேட்டது. பெண் குரல் கேட்டதுமே திரையின் கீழே, பார்க்கிறவர்கள் எழுதுகிற இடத்தில், வந்து விழுந்தன அந்த வார்த்தைகள். எனக்கு இங்கிலீஷ் வராது, அதனால் புரியாது என்று சௌமி நினைத்துக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் தமிழில்தான் இருந்தது. ஒயின் ஷாப் வாசலில் கூட அப்படி நான் கேட்டதில்லை. அவளைப் பற்றி, அவளைப் பெற்ற என்னைப் பற்றி. நீ பதிலுக்குத் திட்டி எழுதினாய், அதற்கு இன்னும் நூறு வந்தது. அவள் மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. நான் செய்தது என்ன என்று நம் வீட்டுக்கும் உன் அணிக்கும் மட்டும்தான் தெரியும், இப்போது மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

எங்கள் ஷூ கம்பெனியில் தையல் லைனில் பேசக்கூடாது. பேசினாலும் மிஷின் சத்தத்தில் கேட்காது. அதனால் நூல் நறுக்கும் கத்தரியால் மிஷின் மேஜையில் தட்டிப் பேசுவோம். ஒரு தட்டு என்றால் சூப்பர்வைசர் வருகிறார். இரண்டு தட்டு, பாபினில் நூல் தீர்ந்துவிட்டது. மூன்று தட்டு, யாருக்கோ விரலில் ஊசி ஏறிவிட்டது, ஓடி வா. மாதனூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு இந்தப் பாஷை வந்துவிட்டது. அதைத்தான் என் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தேன். “அடுத்த போட்டியில வேற பேர்ல ஆடு, வாயே திறக்காத. நகத்தால மைக்கைத் தட்டு. ஒண்ணுன்னா லெப்ட், ரெண்டுன்னா ரைட், மூணுன்னா பின்னாடி வா. எவனுக்கும் நீ பொண்ணுன்னு தெரியாது” என்றேன். நீ துள்ளிக் குதித்தாய். “மா, நீ கில்லாடி மா!” என்றாய். சௌமி இரண்டு நாளில் பழகிக்கொண்டாள். வசவு நின்றுவிட்டது, ஏதோ சாதித்துவிட்ட மாதிரி நான் உங்கள் அப்பாவிடம் கூடச் சொல்லிப் பெருமைப்பட்டேன். திட்டுகிறவன் வாயை மூட வழி தெரியாமல், என் பிள்ளையின் வாயை மூடிவிட்டு வந்தேன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தட்டித் தட்டியே நீங்கள் இறுதிச் சுற்றுக்கு வந்தீர்கள். இறுதிச் சுற்று வேலூரில், ஒரு கல்யாண மண்டபத்தில், எல்லார் முன்னாலும் மேடையில் உட்கார்ந்து ஆட வேண்டும் என்றார்கள். அன்றைக்குத்தான் பேச்சு வந்தது. இத்தனை நாள் பையன் என்று நினைத்திருந்தவர்கள் நேரில் பார்த்தால் என்ன சொல்வார்கள், கூட்டத்தில் எவனாவது கையை நீட்டினால் என்ன செய்வது என்று நீ சொன்னாய். இம்ரானுடைய சித்தப்பா மகனை அவள் இடத்தில் உட்கார வைக்கலாம் என்றும் நீதான் சொன்னாய். சௌமி உன்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அவளே ஆடட்டும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் போயிருப்பாள். நான் சொன்னது இதுதான்: “அவ்ளோ பசங்க நடுவுல உனக்கு இன்னாத்துக்கு? அண்ணன் பாத்துக்குவான்.” அவள் அழவில்லை. அவள் விரலுக்கு ஏற்றபடி எல்லாம் திருத்தி வைத்திருந்த தன் போனை எடுத்து அந்தப் பையனிடம் கொடுத்தாள், எதை எங்கே தொட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லியும் கொடுத்தாள். அவள் போன் வேலூர் மேடைக்குப் போயிற்று. அவள் வீட்டில் என்னோடு உட்கார்ந்து மாவு சலித்தாள்.

இரண்டாம் பரிசு வாங்கினீர்கள். மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, முந்தைய சுற்றுகளில் பேசாமல் தட்டியே அணியை நடத்திய கேப்டன் என்று உன்னைப் பாராட்டினார். அந்த வீடியோவை நீயே எனக்கு அனுப்பினாய். அதில் நீ சிரிக்கிறாய், தலையைக் குனிந்து நன்றி சொல்கிறாய். அது நான் இல்லை, என் தங்கச்சி என்று சொல்ல உனக்கு அரை நிமிஷம் இருந்தது. அந்தத் தட்டலுக்காகத்தான் சென்னைக் கம்பெனி உன்னைக் கூப்பிட்டது என்று நீயே சொல்லியிருக்கிறாய். நீ வேலைக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை, உழைக்கிறாய், நன்றாக இரு. ஆனால் அவளுடைய வேலையை உன் பெயரில் வைத்துக்கொண்டு, இப்போது பெண்களை முன்னேற்றப் போகிறேன் என்று ரோஸ் கலரில் போஸ்டர் அடிக்கிறாயே, அதுதான் நெஞ்சில் குத்துகிறது. இதைச் சொல்ல எனக்கும் தகுதி குறைவு என்று தெரியும். உன்னைத் தலைகுனிந்து சிரிக்க விட்டவளும் நான்தான்.

சரி, அப்படியானால் பெண்களுக்கென்று தனிப் போட்டியே வேண்டாமா என்று கேட்பாய். அங்கேதான் எனக்குக் குழப்பம். நான் எப்படி சூப்பர்வைசர் ஆனேன் தெரியுமா? பதின்மூன்று வருஷம் நான் தைத்தேன். என்னிடம் வேலை கற்ற பையன்கள் எனக்கு மேலே போனார்கள். அப்புறம் வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிறவர்கள், பெண்கள் வேலை செய்கிற லைனுக்குப் பெண் சூப்பர்வைசர் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மேனேஜருக்கு வேறு வழியில்லை. ‘லேடீஸ் சூப்பர்வைசர்’ என்று எழுதிய அட்டையை என் கழுத்தில் மாட்டினார். அன்றைக்கு ஆம்பூரில் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தேன், நீ இரண்டு மடங்கு தின்றாய். அந்தத் தனி அட்டை இல்லாவிட்டால் இன்றைக்கும் நான் மிஷினில்தான் குனிந்திருப்பேன். இதை எப்படி மறுப்பேன்? திறமை இருந்தால் தானாகக் கதவு திறக்கும் என்று சொல்கிறவர்கள் எங்கள் கம்பெனியில் ஒரு ஷிப்ட் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஆனால் அதே அட்டைதான் என்னை அங்கேயே நிறுத்தியும் வைத்தது. போன வருஷம் மொத்த மாடிக்கும் பொறுப்பாளர் வேலை காலியானது. எல்லா லைனும் எனக்கு அத்துப்படி. தைரியமாகப் போய்க் கேட்டேன். மேனேஜர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். “நீங்க லேடீஸ் சூப்பர்வைசர் ஆச்சேம்மா. ஜென்ட்ஸ் லைனை உங்களால எப்படிப் பாக்க முடியும்?” என்றார். பதின்மூன்று வருஷத்தில் கை பழகாத மிஷின் அந்த மாடியில் ஒன்றுகூட இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சரி சார் என்று திரும்பி வந்துவிட்டேன். நான் லைனுக்குள் நுழைந்ததும் எங்கேயோ ஒரு தட்டு விழுந்தது. சூப்பர்வைசர் வருகிறார் என்று பெண்கள் எனக்கெதிராகத் தட்டினார்கள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உங்கள் யாரிடமும் இதைச் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன்.

பவித்ராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் லைனில் தைக்கிற பெண், பத்தொன்பது வயசு. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் காலையிலும் சாயங்காலமும் கம்பெனி பஸ்ஸில் வருகிற நேரம்தான் அவளுக்கு ஆட்டம். பஸ் ஓட்டுகிற உன் அப்பா அவளுக்காகவே பள்ளத்தில் மெதுவாக விடுகிறார், “குலுங்குனா ஆட்டத்துல பாப்பா செத்துப் போய்டும்” என்று. உன் போஸ்டரை நான் அவளிடம் காட்டினேன். சௌமி சிரித்த அதே போஸ்டரைப் பார்த்து அவள் கண் விரிந்தது. “பெண்கள் மட்டும்னு போட்டிருக்கே மேடம்! இதைக் காட்டுனா எங்க அப்பா விட்டுடுவாரு” என்றாள். வேறு எதைக் காட்டினாலும் விடமாட்டார். அவளுக்கு அந்த இரண்டு வார்த்தைதான் வெளியே வரும் வழி. சௌமிக்கு அதே இரண்டு வார்த்தை அடைத்துப் போடுகிற அறை. இருவரும் சொல்வது எனக்குச் சரியாகத்தான் படுகிறது, அதனால்தான் நான்கு நாளாக உனக்குப் பதில் எழுத முடியாமல் பேஜாராகக் கிடந்தேன்.

யோசித்து யோசித்து இதுவரைதான் வந்திருக்கிறேன். உன் போட்டியை நடத்து. பவித்ராவையும் இன்னும் நாலைந்து பெண்களையும் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன், அப்பாவை லீவு போடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் கோப்பையைக் கொடுத்து, பூச்செண்டோடு போட்டோ எடுத்து அதோடு அனுப்பிவிடாதே. அங்கே ஜெயிக்கிறவர்களுக்கு, ஆண் பெண் எல்லாரும் ஆடுகிற அடுத்த போட்டியில் நேராக ஆட இடம் வாங்கிக் கொடு. அங்கே அவர்கள் வாயைத் திறந்து பேசும்போது திட்டுகிறவனை வெளியே தள்ளு. திட்டு வாங்குகிறவளைத் தனி ரூமில் உட்கார வைக்காதே. பாதுகாப்பு என்று சொல்லி நான் செய்த தப்பை நீ கம்பெனி செலவில் செய்யாதே. உன் மேலதிகாரிகள் ஒத்துக்கொள்ளாவிட்டால், கேட்டுப் பார்த்தேன், முடியாது என்றார்கள் என்றாவது வந்து சொல். நான் மேனேஜர் ரூமிலிருந்து வாய் மூடித் திரும்பின மாதிரி நீயும் திரும்பாதே. ஆனால் சௌமியை அங்கே ஆடச் சொல்லி மட்டும் நான் கேட்கமாட்டேன். ஒருமுறை அவளுக்கு வழி சொல்லிக் கெடுத்தது போதும்.

இன்று காலை நடந்ததையும் கேள். போன மாசம் இம்ரான் நம் வீட்டுக்கு வந்திருந்தான். வாசலில் நின்றபடியே, “அன்னிக்கு நானும் சும்மா இருந்துட்டேன் சௌமி, தப்புதான்” என்றான். அதிலிருந்து அவன் தன் வீட்டிலிருந்தும், சௌமியும் பவித்ராவும் நம் கூடத்தில் உட்கார்ந்தும் ஆடிப் பழகுகிறார்கள். இன்று சௌமி மைக்கைத் திறந்தே வைத்திருந்தாள், நேரலையும் ஓடியது. கொஞ்ச நேரம்தான், அந்தப் பழைய வார்த்தைகள் வர ஆரம்பித்தன. பவித்ரா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சௌமி குரல் ஒரு இடத்தில் உடைந்தது, ஆனாலும் சொல்லிக்கொண்டே போனாள். எனக்குத் தாங்கவில்லை. என்னையறியாமல் கையிலிருந்த கரண்டியால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டேன், நிறுத்து என்கிற மாதிரி. சௌமி திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. “தட்டாத மா” என்றாள். அவ்வளவுதான். அது ஊரே பார்க்கிற நேரலையிலும் கேட்டிருக்கும். நான் கரண்டியை வைத்துவிட்டு, பவித்ரா தோளில் கையைப் போட்டுக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். தோற்றுத்தான் போனார்கள். ஆனால் ஆட்டம் முழுக்க என் பெண்ணின் குரல் கேட்டது.

அடுத்த மாசம் சென்னையில் ஒரு போட்டி, உன் கம்பெனியுடையது இல்லை. ஆண், பெண் என்று எதுவும் போடாத போட்டி. விண்ணப்பத்தை நிரப்பி என் முன்னால் வைத்திருக்கிறாள். கேப்டன் என்ற இடத்தில் சௌமியா. அதற்குக் கீழே இம்ரான், பவித்ரா. பவித்ரா அப்பாவிடம் நான் நேரில் போய்ப் பேச வேண்டும், பேசுவேன். நாலாவது வரியில் யார் பெயரும் இல்லை. யாரைப் போடப் போகிறாய் என்று கேட்டேன். துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: “அண்ணன் வந்தா வரட்டும். ஆனா சொல்றது நான், கேக்கறது அவன். அப்புறம் மேடையில மைக் குடுத்தா, அன்னிக்குத் தட்டுனது யாருன்னு அவனே சொல்லணும்.”

அதைச் சொன்னால் உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. நீ யோசித்துக்கொள், அடுத்த ஞாயிறு வரை அந்த வரியை அவள் காலியாக வைத்திருப்பாள். இந்தக் கடிதத்துக்கும் வழக்கம்போலக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு இருந்துவிடாதே. போன் போடு. எனக்கு வேண்டாம், அவளுக்குப் போடு. வருகிறேன் என்றாலும் வரமாட்டேன் என்றாலும், வாயைத் திறந்து சொல்.